கடலோரப் பேய்க்கதைகள்: உடல் கிடைக்காத சாவுகளின் கதை

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அம்மாவின் ஊர் மண்டபத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர். ஓர் அமாவாசை ராத்திரி மாமாவோடு கரைக்குப் போயிருந்தேன். ஈர மணலில் கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி நீலமாக ஒரு வெளிச்சம் பூத்து அணைந்தது. அடுத்த அடி வைத்தேன், மறுபடியும் பூத்தது. நிமிர்ந்து பார்த்தால் அலை உடைகிற இடமெல்லாம் நெருப்புக் கோடு ஓடுகிறது. அலறிக்கொண்டு மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, என் முகத்துக்கு நேரே பிடித்து லேசாக ஆட்டினார். உள்ளங்கைக் குழிக்குள் பொட்டுப் பொட்டாக மின்னியது.

"பேயுமில்ல, ஒண்ணுமில்ல மருமகனே. பூங்கோரை. ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் மீன் நிக்காது."

அவ்வளவுதான் அவருடைய கவலை. ஆனால் இதே மாமா, காற்று விழுந்த ராத்திரிகளில் வீட்டுத் திண்ணையில் படுக்க மாட்டார். கேட்டால், கடலுக்குள்ளிருந்து அண்ணன் கூப்பிடுகிறான் என்பார். என் பெரிய மாமா வள்ளத்தில் போய்த் திரும்பாதவர். உடல் கிடைக்கவில்லை. ராத்திரியில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும், பேய் மூன்றாம் தடவை கூப்பிடாது என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மாமா எண்ணிக்கொண்டே படுத்திருப்பாராம். இரண்டோடு நின்றுவிடுமாம்.

தண்ணீரில் எரிகிற வெளிச்சத்துக்குப் பயப்படாத மனிதர் ஒரு குரலுக்கு ஏன் பயந்தார்? கடலோரத்துப் பேய்க்கதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "அமானுஷ்யம்" என்று மிரட்டுகிறார்கள், இல்லையென்றால் "அறியாமை" என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே அந்த மக்களைக் கிட்டே போய்ப் பார்க்காததால் வருகிற பேச்சு. கடல்தொழில் செய்கிறவர் அளவுக்குக் காற்றையும் நீரோட்டத்தையும் இருட்டையும் கூர்ந்து கவனிக்கிறவர் வேறு யாரும் இல்லை. எது இயற்கை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த பிறகும் ஏதோ மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைத்தான் பேய் என்கிறார்.

முதலில் எளிதாக விளங்குகிறவற்றைப் பார்த்துவிடலாம்.

மாமா சொன்ன பூங்கோரை, அறிவியலில் நாக்டிலூக்கா எனப்படும் மிக நுண்ணிய கடல் உயிரி. பெருகிக் கிடக்கும்போது பகலில் கடல் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். ராத்திரியில் தண்ணீர் அசைந்தால், அந்த உயிரிக்குள் நடக்கும் ஒரு வேதிவினையால் நீல ஒளி தெறிக்கும். 2019 ஆகஸ்ட் 18 இரவு சென்னைக் கடற்கரைகளில் நீல அலைகளைப் பார்க்கக் கூட்டம் கூடியது இதனால்தான். அடுத்த மாதமே பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மிதமிஞ்சிப் பெருகும் உயிரி தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது, மீன் மூச்சு முட்டிச் சாகிறது, பிழைத்தது விலகி ஓடுகிறது. மீன் நிற்காது என்று மாமா ஒரே வரியில் சொன்னது இந்த முழு விஷயத்தையும்தான்.

கொள்ளிவாய்ப் பிசாசு அப்படிச் சுலபமாக முடிகிற விஷயம் இல்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, வேதாரண்யம் சதுப்பு மாதிரியான இடங்களில், வாயில் கொள்ளிக்கட்டையை வைத்துக்கொண்டு தரைக்குச் சற்று மேலே போகிற உருவம் என்று சொல்வார்கள். கிட்டே போனால் விலகும், திரும்பினால் தொடரும். சதுப்பில் மக்கும் இலைதழையிலிருந்து மீத்தேன் வருகிறது, அதோடு பாஸ்பரஸ் கலந்த வாயு சேர்ந்து தானாகப் பற்றுகிறது என்பது பாடப்புத்தகத்து விளக்கம். ஆனால் மக்கள் சொல்கிற அதே குளிர்ந்த, நகர்கிற வெளிச்சத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்ட முடிந்ததில்லை. சதுப்பில் ராத்திரி நண்டு பிடிக்கப் போகிறவர்களின் விளக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் மிதக்கும். அந்தக் கதைக்கு ஒரு வேலையும் உண்டு. இருட்டில் வெளிச்சத்தை நம்பிச் சேற்றில் இறங்காதே என்று குழந்தைக்கு நூறு தடவை சொல்வதைவிட, வாயில் கொள்ளியோடு ஒரு பிசாசை நிறுத்திவிடுவது பலன் தரும்.

ஓசைகளுக்கும் காரணம் உண்டு. பகலில் மணல் சூடாக இருப்பதால் தரையோரக் காற்று சூடாகி, ஓசை மேல்நோக்கி வளைந்து போய்விடும். ராத்திரி தரையும் தண்ணீரும் ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சற்றே சூடான அடுக்கு நிற்கும். அப்போது ஓசை கீழ்நோக்கி வளையும். கடலுக்குள் வெகுதூரத்தில் இருக்கிற படகின் பேச்சு, கரையில் காதோரம் பேசுவது போல வந்து விழும். இதற்குக் காற்று அசையாமல் இருக்க வேண்டும். மாமாவுக்குக் குரல் கேட்டதும் காற்று விழுந்த ராத்திரிகளில்தான் என்பதை இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

பூநாரைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கத்துக் கழிமுகத் திட்டுகளில் கூட்டமாக இறங்கும். இருட்டிலும் இரை தேடும், தேடும்போது சளசளவென்று ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். அதைப் பறவை என்று தெரியாமல் கேட்டால், பத்து நூறு பேர் தணிந்த குரலில் பேசுவது போலவே இருக்கும். ஒரு தடவை கேட்டிருக்கிறேன். என்னவென்று தெரிந்தும் கை மயிர் நின்றது.

அப்புறம் அமுக்குவான். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்துகிற பேய். விழிப்பு வந்துவிடும், கை கால் அசையாது, யாரோ பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். மூளை விழித்தும் உடம்பு கனவுநிலையின் கட்டிலிருந்து விடுபடாத சில நொடிகள் அவை. தூக்கம் முறை கெட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். நள்ளிரவில் எழுந்து கடலுக்குப் போய், பகலில் துண்டுத் துண்டாகத் தூங்குகிற தொழில் வேறு எப்படிப்பட்ட தூக்கத்தைத் தரும்?

சரி, இவ்வளவும் கண்ணும் காதும் உடம்பும் செய்கிற வேலை. ஆனால் கடலுக்குள் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு நம் மொழியில் மிகப் பழையது. சங்கப் பாட்டு கடலை "அணங்குடை முந்நீர்" என்கிறது. அணங்கு என்றால் வருத்துகிற தெய்வம், தொட்டால் விடாத சக்தி. பேய் வேறு தெய்வம் வேறு என்று பிரியாத காலத்துச் சொல். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் அந்த அணங்கை ஏற்றி வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கொல்லக்கூடிய ஒன்றின் கொம்பையே நட்டு, தாங்கள் தாழம்பூச் சூடி, அதன் முன்னால் கள் குடித்து ஆடுகிறார்கள். பயமும் உறவும் ஒரே இடத்தில் நிற்கின்றன. கடலோரத்து மனசு இன்றைக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது தனுஷ்கோடிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் "பேய் ஊர்" என்று அதிகம் விளம்பரமான இடம் அது. விளம்பரம் செய்தவர்கள் யாரும் அங்கே வாழ்கிறவர்கள் இல்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக ஒரே சீட்டு போதும். போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரை, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். அதனால் அந்த மணல் நாக்கில் ரயில் நிலையம், தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், பள்ளி, தேவாலயம், கோயில் எல்லாம் எழுந்தன. ஐம்பது வருடம் நடந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு நெருங்கும்போது, பாம்பனிலிருந்து 653 எண் பயணிகள் ரயில் புறப்பட்டது. பதிவான கணக்குப்படி 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. ஓட்டுநர் விசில் அடித்துப் பார்த்துவிட்டு, இருட்டுக்குள் மெல்ல நகர்த்தினார் என்று சொல்வார்கள். சுமார் இருபதடி உயர அலை அந்த ரயிலை முழுதாக எடுத்துக்கொண்டது. புயலில் மொத்தம் செத்தவர்கள் 1,800 பேர் அளவில் இருக்கும் என்பது மதிப்பீடு. சீட்டு இல்லாமல் ஏறியவர்கள் எத்தனை பேர், மீன்பிடிக் குடிசைகளில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி நொறுங்கியிருந்தது. பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்து மறுபடி ரயில் விட்டார்கள். இந்தியாவே பாராட்டிய வேலை. ஆனால் அந்த ரயில் இராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவே இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அங்கே செத்தவர்களுக்கு ஊரும் இல்லாமல் போனது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியின் தூண்களும் எஞ்சின.

ராத்திரியில் ரயில் விசில் கேட்கும், பெண்கள் அழுகிற சத்தம் வரும், ஆறு மணிக்கு மேல் அங்கே யாரும் இருக்கக் கூடாது என்ற கதைகள் இந்த இடிபாடுகளிலிருந்துதான் கிளம்புகின்றன. மாலையானால் சுற்றுலாப் பயணிகளை வெளியேற்றுவது உண்மை. அதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. ஒரு பக்கம் அமைதியான பாக் நீரிணை, அதை அங்கே பெண் கடல் என்பார்கள். மறுபக்கம் கொந்தளிக்கிற மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். இரண்டும் முட்டுகிற முனையில் நீரோட்டம் எந்த நேரத்தில் எப்படி இழுக்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. கடத்தலும் அகதிகள் வருகையும் போர்க்காலக் கெடுபிடிகளும் பார்த்த எல்லை. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும் வரை, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் வேன்கள் மணலில் தடம் தேடித்தான் போய்வந்தன. இருட்டினால் தடமே தெரியாது.

சாலை போட்டதற்குப் பிந்தைய ஒரு மாலை, அங்கே தேவாலயத்துக்கு எதிரே பொரித்த மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்தில் இளைஞர்கள் நாலைந்து பேர் சுவரில் ஏறி நின்று, "இங்கதான் பேய் வருமாம்" என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டபடியே அவர்களைப் பார்த்தார்.

"ராத்திரி ஆளே இருக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களேம்மா?"

"அப்ப நாங்க யாரு தம்பி? இங்கனதானே படுத்துக் கெடக்கோம்."

"சத்தம் எதுவும் கேட்டதில்லையா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மீனை எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்தார். "கேக்கும். எங்க ஆளுகதானே. எங்கள என்ன செய்யப் போகுது?"

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அந்தப் பதில்தான். சுற்றுலா வருகிறவருக்கு அந்த விசில் ஒரு கிளுகிளுப்பு. அந்த அம்மாவுக்கு அது அடக்கம் செய்யாத சொந்தக்காரர்களின் சத்தம். இரண்டையும் "பேய்க்கதை" என்ற ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம், அதுதான் தப்பு. அறுபது வருடமாக அந்த மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்து, வலை இழுத்து வாழ்கிற குடும்பங்கள் இருக்கிற இடத்தைப் பேய் ஊர் என்று விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கடலில் சாவதற்கும் தரையில் சாவதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தரையில் உடல் இருக்கும். குளிப்பாட்டலாம், மாலை போடலாம், கட்டிக்கொண்டு அழலாம், எட்டாம் நாளோ பதினாறாம் நாளோ காரியம் செய்யலாம். கடல் பெரும்பாலும் உடலைத் திருப்பித் தராது. சட்டமும் இந்த இடத்தில் தடுமாறுகிறது. ஒருவரைப் பற்றி ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. பழைய சட்டம் போய்ப் புதியது வந்தும் இந்த ஏழு வருடக் கணக்கு மாறவில்லை. அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடைப்பது கடினம். அந்த வீட்டுப் பெண் விதவையும் இல்லை, புருஷன் இருக்கிறவளும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற குமரி மாவட்டத்து ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஏழு வருடம் காத்திருக்கச் சொல்ல முடியாது என்று அரசு விதியைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. காகிதம் அப்படி முடிந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு எந்த அரசாணையில் முடியும்? நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது, ஏற்ற ஒரு குழி இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கமெல்லாம் அடையாளம் பார்க்கக்கூட நேரமில்லாமல் குழிகளில் மொத்தமாகப் புதைத்தார்கள். அப்புறம் பல வாரங்கள் மக்கள் மீன் சாப்பிடவில்லை. மீன் எதைத் தின்றிருக்கும் என்ற நினைப்பு. மீன் விற்றுத்தான் சோறு என்கிற ஊரில் மீனைத் தொட முடியாமல் போவது எவ்வளவு பெரிய துக்கம் என்று யோசித்துப் பாருங்கள். அதே கடலுக்கு மறுபடி வலை எடுத்துப் போனவர்கள், அலைக்குள் குரல் கேட்டது என்று சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு வாய் வராது.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு நடந்ததும் இதையே சொல்கிறது. அங்கே 2,500-க்கும் மேற்பட்டவர்களின் உடல் கிடைக்கவே இல்லை. இஷினோமாகி நகரத்தில் ஒரு கல்லூரி மாணவி நூற்றுக்கும் மேற்பட்ட டாக்சி ஓட்டுநர்களைத் தேடிப்போய்க் கேட்டார். ஏழு பேர், தாங்கள் ஏற்றிய பயணி பின் இருக்கையிலிருந்து மறைந்துபோனதைச் சொன்னார்கள். கோடையில் கனத்த கோட்டு போட்ட ஒரு பெண், அழிந்துபோன ஒரு பகுதியின் பெயரைச் சொல்லிப் போகச் சொல்கிறாள். அங்கே இப்போது ஒன்றுமே இல்லையே என்றால், "நான் செத்துவிட்டேனா?" என்று கேட்கிறாள். ஓட்டுநர்கள் மீட்டரைப் போட்டிருந்தார்கள், வாடகையைக் கைக்காசிலிருந்து கட்டினார்கள். மறுபடி வந்தாலும் ஏற்றிக்கொள்வோம் என்றார்கள். எனக்குத் தனுஷ்கோடி அம்மாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது.

மருத்துவம் இதை நோய் என்று சொல்வதில்லை. வேல்ஸில் மருத்துவராக இருந்த டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்திருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள், அல்லது பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. நம் கரையில் இந்த அனுபவத்தைச் சொல்ல ஒரு சொல்லாவது இருக்கிறது.

மாமாவின் கதைக்குத் திரும்புகிறேன். பெரிய மாமாவுக்கு எங்கள் வீட்டில் காரியமே செய்யவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து சடங்கு முடிக்கிற வழக்கம் உண்டு. அம்மாச்சிதான் ஒப்புக்கொள்ளவில்லை. "மொகத்தப் பாக்காம எம்புள்ளைக்கு எப்படிடா கொள்ளி வைக்கச் சொல்ற?" என்று ஒரே பிடியாக இருந்துவிட்டார். அவர் இருந்தவரை பெரிய மாமாவின் சட்டை கொடியில் துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். அம்மாச்சி இறந்த வருஷம், இராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்தார்கள்.

பிறகு ஒரு தடவை ஊருக்குப் போனபோது மாமா திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். காற்று கொஞ்சமும் இல்லை.

"இப்பல்லாம் கூப்பிடுறது இல்லையா மாமா?"

"கூப்பிடுறான். நான் பதில் சொல்லிடுறேன்."

"மூணாவது தடவைக்கு முன்னாடியேவா?"

"மொதத் தடவையே."

"என்ன சொல்வீங்க?"

"வள்ளத்த மேல இழுத்துக் கட்டியாச்சு, நீ போய்ப் படுன்னு சொல்வேன்."